நான் கட்டிய விமானம்

இப்பொழுது என் குரல் உங்கள் செவியில் விழுகின்றது. அதைச் சுமந்து வருவது கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலை. குரலைச் சுமக்கும் அலை கட்டளையையும் சுமக்கும். தரையில் நிற்கும் ஒருவனுடைய விரலின் அசைவை வானத்தில் செல்லும் ஒரு பொருளுக்குக் கொண்டு சேர்த்து, எழு என்றால் எழவும், திரும்பு என்றால் திரும்பவும் செய்ய அதனால் இயலும். அவ்வாறு கட்டளை கேட்டுப் பறந்த ஒரு சிறு விமானத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன். அதை நானே கட்டினேன். கட்டுவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. முதல் நாளில் அது பறந்தது ஏழு நிமிடம். அந்த ஏழு மாதத்திற்கும் ஏழு நிமிடத்திற்கும் நடுவே ஒரு பதினேழு வயதுப் பெண் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இந்தப் பேச்சு.

அலையினால் ஒரு பொருளை ஆட்டி வைக்கலாம் என்பது புதிய எண்ணம் அன்று. 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கையால் தொடாமல் வானொலி அலையால் செலுத்திக் காட்டினார். விமானத்திற்கு அந்தக் காலம் வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர் இருவர், 1937-இல் ‘கஃப்’ என்று பெயரிட்ட ஒரு மாதிரி விமானத்தை அலையின் கட்டளையால் பறக்கவிட்டு வெற்றி கண்டனர். அந்த விமானம் இன்று அந்நாட்டின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. அக்காலத்துக் கருவிகளில் வெற்றிடக் குழல்களும் கனமான மின்கலங்களும் இருந்தன. ஆதலால் விமானமும் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. இன்று அலைவாங்கி தீப்பெட்டியைவிடச் சிறிது. அது வாங்கும் அலை நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கின்றது.

வாங்கிய கட்டளையை அசைவாக மாற்றும் கருவிக்கு செர்வோ என்று பெயர். அது விரற்கடையளவே உள்ள ஒரு பெட்டி. உள்ளே ஒரு சிறு மோட்டாரும் பற்சக்கரங்களும் உண்டு. அலைவாங்கி அதற்கு நொடிக்கு ஐம்பது முறை ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். துடிப்பின் நீளம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கானால் செர்வோவின் கை நடுவில் நிற்கும். ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஒரு பக்கம் திரும்பும். இரண்டு பங்கானால் மறுபக்கம் திரும்பும். அந்தக் கையிலிருந்து ஒரு கம்பி வாலுக்கோ சிறகுக்கோ செல்லும். வாலில் நிமிர்ந்து நிற்பது சுக்கான். அது மூக்கை இடவலமாகத் திருப்பும். வாலில் கிடையாக உள்ளது ஏற்றப் பலகை. அது மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். சிறகுகளின் பின்விளிம்பில் உள்ளவை சாய்வுப் பலகைகள். அவை விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கும். பெரிய விமானத்திலும் இவையே உண்டு. அங்கே விமானி உள்ளே அமர்ந்து இயக்குகின்றார். இங்கே நாம் தரையில் நின்று இயக்குகின்றோம்.

நான் ஒரு தொழிற்பயிலகத்தில் கணக்கு ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில், எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர் இருக்கின்றார். அவர் 1960-களில் விமானப்படையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்தவர். அவருடைய கை நெடுங்காலம் பழகியது எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தில். அப்பெயரை உங்களில் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், டாக்டர் வி. எம். காட்கே என்னும் பொறியியல் அறிஞரின் தலைமையில் வரையப்பட்டு, 1951-இல் முதன்முதலாகப் பறந்த விமானம் அது. நம் நாடு விடுதலை பெற்ற பின் நம்மவரே வரைந்து, நம்மவரே கட்டிப் பறக்கவிட்ட விமானம். ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரலாம். எந்திரத்தின் ஆற்றல் 155 குதிரைத்திறன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 1980-களின் இறுதி வரையில் நம் விமானப்படையின் இளைஞர் பலர் அதில்தான் பறக்கக் கற்றனர்.

“தம்பி, மீண்டும் ஒருமுறை அது பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை” என்று அவர் ஒரு நாள் சொன்னார். பெரிய விமானத்தை நான் எங்கே தேடுவது? சிறியதாகக் கட்டித் தருகின்றேன் என்று சொல்லிவிட்டேன். என் தங்கையின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் உடன் சேர்ந்தாள்.

முதலில் அளவு. உண்மை விமானத்தின் சிறகு ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 10.72 மீட்டர், உடலின் நீளம் 7.53 மீட்டர். இவற்றை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தோம். சிறகு ஏறத்தாழ 179 சென்டிமீட்டரும், உடல் 125 சென்டிமீட்டரும் ஆயின. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீளம் ஆறில் ஒன்றானால், பரப்பு முப்பத்தாறில் ஒன்றாகும். கன அளவு இருநூற்றுப் பதினாறில் ஒன்றாகும். பெரிய விமானம் முழுச் சுமையோடு எழும்போது ஏறத்தாழ 1,016 கிலோ எடை. அதை 216-ஆல் வகுத்தால் 4.7 கிலோ வருகின்றது. அதுவே என் இலக்கு. வேகமோ வேறு விதமாகக் குறைகின்றது. ஆறின் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.45. பெரியது மணிக்கு 209 கிலோமீட்டர் பறந்தது. சிறியது மணிக்கு 85 கிலோமீட்டர் பறந்தால்தான் கண்ணுக்கு உண்மையான விமானம்போலத் தோன்றும்.

மரத்தையும் கம்பியையும் குறைக்கலாம். காற்றைக் குறைக்க முடியாது. பெரிய சிறகைத் தாங்கிய அதே காற்றுத்தான் இச்சிறு சிறகையும் தாங்க வேண்டும். சிறகு குறுகக் குறுக, அதன் முதுகைத் தழுவிச் செல்ல வேண்டிய காற்று எளிதில் பிரிந்துபோகும். வேகம் குறைந்த நேரத்தில் அவ்வாறு பிரிந்தால், சிறகு தாங்கும் ஆற்றலை இழக்கும். அதிலும் ஒடுங்கிய நுனி முதலில் இழந்தால், விமானம் அந்தப் பக்கமாகச் சட்டென்று உருண்டு விழும். இதைத் தடுக்கச் சிறகின் நுனியை அடிப்பகுதியைவிட இரண்டு பாகை கீழ்நோக்கி முறுக்கிக் கட்டினேன். நுனி காற்றைச் சிறிய கோணத்தில் சந்திக்கும். ஆதலால் கடைசியாகவே கைவிடும்.

கட்டுவதற்கு எடுத்துக்கொண்டது பால்சா மரம். அதன் எடை நம் தேக்கில் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். நகத்தால் கீறலாம், ஆயினும் இழைப்போக்கில் நல்ல உறுதி. வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன்மேல் மெழுகுத்தாள் பரப்பி, சிறகின் விலாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். விலாக்களின் ஊடே மேலும் கீழுமாக இரண்டு பைன் மரச் சட்டங்கள் ஓடுகின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே மெல்லிய பலகைத் துண்டுகளை நெட்டிழையாக ஒட்டினால், தனித்தனியே வளையும் இரு சட்டங்களும் ஒரே உத்தரமாகிவிடும். வீட்டுக் கூரையைத் தாங்கும் விட்டத்தின் கணக்கே இங்கும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் என் மருமகள் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதினாள். கனமான துண்டு மூக்குப் பக்கம். இலேசான துண்டு வால் பக்கம். அந்த நோட்டு வேண்டும் என்று சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியவர்.

“விமானத்தைப் பற்றி எழுதாத செய்தி, நடக்காத செய்தி” என்பார் அவர். ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு பதிவேடு உண்டாம். பழுதுபார்த்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர். இருவரும் கையொப்பமிட்ட பின்னரே விமானி அதில் ஏறுவாராம். “கட்டியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, தம்பி. கண்ணின் குற்றம் அன்று, மனத்தின் இயல்பு” என்று சொல்லி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள் கிழித்தார். ஒரு கோட்டின் கீழ் என் பெயரையும், மற்றொன்றின் கீழ் என் மருமகளின் பெயரையும் எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குப் பள்ளிச் சிறுமி சான்று தருவதா என்று எண்ணினேன். ஆயினும் பெரியவர் சொல்லைத் தட்டவில்லை. தட்டாமைக்கு ஒரு காரணமும் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய ஒரு விமானம் நான்கே நொடியில் தரையில் மோதி நொறுங்கியது. இரவில் அவசரமாகப் பழுதுபார்த்தபோது சாய்வுப் பலகைகளின் கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்திவிட்டேன். நான் வலம் என்றால் அது இடம் சென்றது. அந்தத் தவற்றைச் செய்தவனும் நானே, சரிபார்த்தவனும் நானே.

எலும்புக்கூடு முடிந்தபின் மெல்லிய பால்சாத் தகட்டால் மேனியை மூடினோம். இனி அழகு செய்ய வேண்டும். உண்மை விமானத்தின் உடல் உலோகத் தகடு, நமதோ மரம். மரம் உலோகமாகத் தோன்ற வேண்டுமானால் அதன் துளைகள் அடைபட வேண்டும். சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையே உள்ள கண்ணாடியிழைச் சீலையை மேனியெங்கும் போர்த்தி, வார்னிஷ் தடவினோம். உலர்ந்தபின் தேய்த்தோம், மீண்டும் தடவி, மீண்டும் தேய்த்தோம். தகடுகள் கூடும் இடங்களில் நூல் போன்ற கோடு தெரிய ஒட்டுநாடாவை விளிம்பாக வைத்துப் பூச்சிட்டு, நாடாவை உரித்தெடுத்தோம். தறையாணித் தலைகளுக்காக, ஊசிக்குழலில் வெள்ளைப் பசையை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக வைத்தோம். அவற்றின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியபின் எண்ணுவதை விட்டோம். கடைசியில் வெள்ளி நிறம், பயிற்சி விமானத்திற்குரிய மஞ்சள் பட்டைகள், காவியும் வெண்மையும் பச்சையுமாக நம் விமானப்படையின் வட்டச் சின்னம். பெரியவர் வந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மூக்கின் பக்கத்தில் ஒரு சிறு கதவைக் காட்டி, “இதைத் திறந்து எத்தனை நாள் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றேன்” என்றார்.

பறக்கவிடும் நாளைக் குறித்தோம். பங்குனி மாதம், ஊருக்கு வெளியே உள்ள ஏரி வற்றி, படுகை பலகைபோல் இறுகிக் கிடந்தது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் ஆளில்லா விமானங்களுக்கு வானத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. அந்த ஏரி பச்சை மண்டலத்தில், 400 அடி உயரம் வரை பறக்கத் தடையற்ற இடத்தில் இருந்தது. வரைபடத்தில் அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நான் பணிபுரிந்த பயிலகத்து மாணவர்களையும், ஆசிரியர் சிலரையும் அழைத்திருந்தேன். விடியற்காலை ஆறு மணிக்கு ஐம்பது பேர் வந்து நின்றனர். காற்று அசையவில்லை. அத்தகைய காலைப் பொழுது வாய்ப்பது அரிது.

என் மருமகள் நோட்டை எடுத்துக்கொண்டு சரிபார்க்கத் தொடங்கினாள். அலை எட்டும் தொலைவை ஆராயக் கட்டளைப் பெட்டியின் ஆற்றலைக் குறைத்து வைத்து, முப்பது அடி எடுத்து நடந்து சென்று ஒவ்வொரு பலகையையும் அசைத்துப் பார்த்தாள். வலம் என்றபோது வலச்சிறகின் பலகை மேலே எழுகின்றதா என்று குனிந்து பார்த்தாள். மூக்கிலுள்ள விசிறியைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிட்டு, கட்டளைப் பெட்டியை அணைத்தாள். அலை அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும், நின்றது. பிறகு விமானத்தை இரண்டு முளைகளின் மேல் சிறகால் தாங்கி நிறுத்தினாள். எடையெல்லாம் ஒன்றுகூடும் புள்ளி எங்கே என்று காண்பதற்கான சோதனை அது. சிறகின் சராசரி அகலம் 25 சென்டிமீட்டர். அந்தப் புள்ளி முன்விளிம்பிலிருந்து 7 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்று நாங்கள் குறித்திருந்தோம். வால் தாழ்ந்தது. முளைகளைப் பின்னே நகர்த்தினாள், மீண்டும் தாழ்ந்தது. 9 சென்டிமீட்டரில்தான் விமானம் சமமாக நின்றது.

“மாமா, புள்ளி இரண்டு சென்டிமீட்டர் பின்னால் இருக்கின்றது” என்றாள்.

“வண்ணம் பூசுவதற்கு முன் பார்த்தபோது சரியாகத்தானே இருந்தது?” என்றேன்.

“வண்ணம் பூசிய பிறகு பார்க்கவில்லையே” என்றாள்.

உண்மை. சீலையும் வார்னிஷும் பூச்சும் சேர்ந்து வாலுக்கு ஏறத்தாழ 145 கிராம் கூட்டியிருந்தன. ஒரு குவளை நீரைவிடக் குறைவு. ஆனால் அந்த எடை புள்ளியிலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னே அமர்ந்திருந்தது. ஏற்றச்சாலில் நுனியில் ஏறி நிற்பவனுக்குத் தன் எடையைவிட மிகுந்த பலம் கிடைக்கின்றதல்லவா? அதுபோல. புள்ளி பின்னே சென்ற விமானம், மூக்கு சற்று உயர்ந்தால் தானே திரும்பிப் பழைய நிலைக்கு வராது. மேலும் மேலும் உயர முனையும். கட்டளை செலுத்துபவனின் கை அதைவிட விரைவாக இருந்தால் பிழைக்கும், இல்லையேல் விழும்.

ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். காற்று இன்னும் அசையவில்லை. நான் மெல்லிய குரலில், “மெதுவாகப் பறக்கவிட்டுச் சீக்கிரம் இறக்கிவிடுகின்றேன். கையொப்பம் இடு” என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த நேரத்தில் நான் கணக்கு ஆசிரியனாக இல்லை, கூட்டத்தின் முன் நிற்கும் மனிதனாக இருந்தேன். அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. “நான் இடமாட்டேன், மாமா” என்றாள். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் வாழ்நாளில் இதுபோன்ற காலைகள் பலவற்றை அவர் கண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கமும் பேசவில்லை.

விமானத்தை மீண்டும் வண்டியில் ஏற்றினோம். கூட்டத்தாரிடம் காரணத்தைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வருந்தினார்கள்.

வீடு திரும்பியதும் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பார்க்கலாம். விமானத்தின் எடை 5,100 கிராம். புள்ளி பின்னே இருப்பது 2 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 10,200. இதை ஈடுசெய்ய வேண்டும். மின்கலத்தின் எடை 700 கிராம். அதை 8 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் 5,600 கழியும். மீதி 4,600. அதற்கு, புள்ளி இருக்க வேண்டிய இடத்திலிருந்து 31 சென்டிமீட்டர் முன்னே, மூக்கில், ஏறத்தாழ 148 கிராம் ஈயம் வைக்க வேண்டும். காகிதத்தில் இது மூன்று வரி. ஆனால் மின்கலத்தை முன்னே நகர்த்த மூக்கின் உட்தடுப்பு ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது. அதற்காக, வண்ணம் தீட்டி முடித்த மேனியைக் கீறித் திறந்தேன். முடிந்த வேலையின்மேல் வாளை வைக்கும்போது கை கூசியது. திறந்து, அறுத்து, வலுவூட்டி, மூடி, மீண்டும் தேய்த்து, மீண்டும் வண்ணம் பூச எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் மாலை விமானம் 7 சென்டிமீட்டரில் சமமாக நின்றது. எடை 5.25 கிலோ. இலக்கைவிட அரைக் கிலோவுக்கு மேல் மிகுதி. கனத்தால் அது சற்று வேகமாக இறங்கும், அவ்வளவே. வால் கனத்ததுபோல் அது கொல்லாது.

மறுநாள் விடியலில் நாங்கள் மூவர் மட்டும் ஏரிக்குச் சென்றோம். அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தாள். பிறகு தன் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பமிட்டாள். என் கையொப்பம் அதன்பின்.

மோட்டாரின் ஆற்றலை மெல்லக் கூட்டினேன். விமானம் ஓடத் தொடங்கியது. வேகம் சேரச் சேர, மூக்கு இடப்பக்கம் விலகப் பார்த்தது. விசிறி ஒரு திசையில் சுழல்வதால் வரும் இயல்பு அது. வலச்சுக்கானைச் சிறிது கொடுத்து நேராக்கினேன். வால் எழுந்தது. இன்னும் சில அடி. பிறகு சக்கரத்தின் ஒலி நின்றது. மண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

நூறு அடி உயரத்தில் திரும்பினேன். இடச்சிறகு சற்றுக் கனத்தது. கட்டளைப் பெட்டியில் உள்ள திருத்தக் குமிழை மூன்று படி நகர்த்தினேன். மூக்கு சற்று உயர்ந்தது. இரண்டு படி தாழ்த்தினேன். அதன்பின் கையை எடுத்தாலும் நேராகப் பறந்தது. முந்நூறு அடிக்கு ஏற்றினேன். அங்கே ஒரு சோதனை செய்ய வேண்டும். ஆற்றலைக் குறைத்து, ஏற்றப் பலகையை மெல்ல இழுத்து, விமானத்தைத் தாங்க முடியாத வேகத்திற்குக் கொண்டுவந்தேன். அது ஒரு கணம் தொங்கியது. பிறகு மூக்கைக் குனிந்து, இடப்பக்கம் சிறிதே சாய்ந்து, தானே வேகம் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தது. நுனியை முறுக்கிக் கட்டியதற்கு விடை கிடைத்தது. உயரத்தில் கேட்க வேண்டிய கேள்வியை உயரத்தில் கேட்டுவிட வேண்டும். தரையருகே கேட்டால் விடை வந்து சேர நேரம் இராது.

பெரியவர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் வெள்ளிச் சிறகில் பட்டது. அவரை நோக்கித் தாழ்ந்து ஒருமுறை பறக்கவிட்டேன். அவர் தலை விமானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பியது.

ஐந்து நிமிடத்தில் மணி ஒலிக்குமாறு வைத்திருந்தேன். மின்கலத்தில் ஏறத்தாழ பாதி மீதம் இருக்கும். மணி ஒலித்தது. இறக்குவதற்காகத் தாழ்ந்து வந்தேன். அப்பொழுது கரையிலிருந்து ஆடுகள் படுகைக்குள் இறங்கின. அவற்றின் பின்னே ஒரு சிறுவன், அண்ணாந்து பார்த்தபடியே, விமானம் இறங்க வேண்டிய இடத்தை நோக்கி ஓடி வந்தான். ஆள் குறுக்கே வந்தால் விமானத்தைப் பற்றி எண்ணக் கூடாது என்பது நாங்கள் முன்பே செய்துகொண்ட முடிவு. ஆற்றலைக் கூட்டி மேலே ஏற்றினேன். உடனே திரும்பி இறங்கிவிடலாம் என்று கை துடித்தது. தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில் இறுக்கித் திருப்பினால் என்ன நேரும் என்பதை மேலே இப்பொழுதுதான் பார்த்திருந்தேன். அகலமாக ஒரு சுற்று வந்தேன். அதற்குள் என் மருமகள் ஓடிச் சென்று சிறுவனின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். விமானம் வழக்கத்தைவிடச் சற்று வேகமாக வந்து தொட்டது, ஒருமுறை துள்ளியது, நெடுந்தொலைவு ஓடி, கருவேலஞ் செடி ஒன்றின் அருகே நின்றது.

நான் விமானத்திடம் ஓடினேன். பெரியவர் மெல்ல நடந்து வந்தார். வந்தவர் மேனியின் அழகைப் பார்க்கவில்லை. முதலில் மின்கலத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு வால் பலகையை இரு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். சக்கரத்தின் கம்பியைத் தடவிப் பார்த்தார். “ஒரு திருகு தளர்ந்திருக்கின்றது” என்றார். நோட்டை வாங்கி, பறந்த நேரம் ஏழு நிமிடம் என்றும், இடச்சிறகு சற்றுக் கனம் என்றும், வலச்சக்கரத்தில் ஒரு திருகு தளர்ச்சி என்றும் தம் நடுங்கும் கையால் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்து, “பறந்தது, தம்பி” என்றார். அவ்வளவே அவர் சொன்னது.

மாணவ நண்பர்களே, நீங்கள் விமானம் கட்டாமல் போகலாம். பாலம் கட்டுவீர்கள், மருந்து கலப்பீர்கள், கணக்கு எழுதுவீர்கள், கருவிகளுக்கு நிரல் வகுப்பீர்கள். எதைச் செய்தாலும், முடித்த பிறகு அதை இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உங்களைவிட இளையவராக இருக்கலாம். படிப்பில் குறைந்தவராகவும் இருக்கலாம். அவர் ‘இல்லை’ என்று சொன்னால் ஒரு நாள் வெட்கம். கூட்டத்தின் முன் சொன்னால் சற்று மிகுதியான வெட்கம். நான் அதைப் பட்டேன். அன்று அந்தப் பெண் கையொப்பம் இட்டிருந்தால், நான் இன்று உங்களிடம் இன்னொரு நான்கு நொடிக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

விமானம் இப்போது எதிர்வீட்டுக் கூடத்தில் உத்தரத்திலிருந்து தொங்குகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறக்கி ஏரிக்குக் கொண்டு செல்கின்றோம். ஆடு மேய்த்த சிறுவன் இப்பொழுது எங்களோடு வருகின்றான். சென்ற வாரம் நோட்டில் சரிபார்த்தவர் என்னும் கோட்டின் மேல், பெரிய எழுத்தில், அவன் பெயர் இருக்கின்றது.